பெட்டியைத்தானே கேட்டான்

விலைமதிப்பே இல்லாத பெட்டி என்று சொன்ன அதே மூச்சில் வீட்டுக்காரம்மா அதற்கு விலையும் சொல்லிவிட்டார்: ஒரு பட்டறை.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்கி வருவேன். எங்க வீட்டுக்காரர் பெட்டி பழையபடி மின்னணும். மின்னலேன்னா, இதைக் கெடுத்தவன் எவனோ அவன் சாமானைத் தூக்கிட்டு நடையைக் கட்டணும். மத்தவன் மொத்த இடத்தையும் எடுத்துக்கட்டும். இதுக்கு மேல பேச்சு கிடையாது."

புதன்கிழமை காலை, பட்டறை வாசலில் நின்றபடி சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இருவர். ஒருவன் கதவின் இந்தப் பக்கம், இன்னொருவன் அந்தப் பக்கம். இருவரும் அந்த அம்மாளைப் பார்த்தார்களே தவிர ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"யார் கைவேலை இது? வாயில என்ன, கொழுக்கட்டையா?"

அவர் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு, படி ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டே மாடிக்குப் போனார்.

பெட்டி ரோஸ்வுட். இரண்டு கைக்குள் அடங்கும். காலமான வீட்டுக்காரரின் பல்செட் அதில்தான் குடியிருந்தது. பாலிஷுக்குக் கொடுக்கும்போது பல்செட்டை எடுத்துக்கொண்டு வெறும் பெட்டியாகத்தான் கொடுத்தார். பல்லை நம்பி யாரிடமும் விடுகிற ஆள் இல்லை. வந்தபோது மூடியின் மேல் ஒரு வெள்ளை வளையம் மட்டும் இருந்தது, சுடுதண்ணீர்ச் செம்பை வைத்த தடம். இப்போது மூடி முழுக்க அம்மை வார்த்தது போல் குழி குழியாக, நடுநடுவே ஆறிப்போன பாலின் ஆடை மாதிரிச் சுருங்கிக் கிடந்தது.

அவரிடம் பட்டறையை வாடகைக்கு எடுத்திருந்த இருவரும் சகலைகள். அக்காவைக் கட்டியவன் கையால் பாலிஷ் போடுபவன். எந்நேரமும் துணியில் கட்டிய பஞ்சுப் பொட்டலம் கையில் இருப்பதால் தெருவில் அவனுக்குப் பஞ்சு என்று பெயர். தங்கையைக் கட்டியவன் ஸ்ப்ரே அடிப்பவன். வெள்ளைப் புகைக்குள் புகுந்து வெள்ளைப் புருவத்தோடு வெளியே வருவதால் அவன் புகை. மூன்று வருஷத்துக்கு முன்னால் புகை ஸ்ப்ரேக்குக் காற்றடிக்க ஒரு கம்ப்ரசர் வாங்கினான். அதைப் போட்ட முதல் நாளே, பஞ்சு பாலிஷ் போட்டு ஈரமாக வைத்திருந்த சாப்பாட்டு மேசையின் மேல் அவன் அடித்த லாக்கர் வார்னிஷ் பனி மாதிரி இறங்கியது. மேசை பாழ். வாய்ச்சண்டை, கைச்சண்டை, பிறகு நடுவில் ஒரு தார்ப்பாய்த் திரை. அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றது என்றால் வாய் நின்றது என்று அர்த்தமில்லை. நேராகப் பேசுவது நின்றது. சொல்ல வேண்டியதை எல்லாம் பக்கத்தில் இருக்கும் நாற்காலியிடமோ பீரோவிடமோ, சத்தமாக, திரைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சொல்லிவிடுவார்கள். "ஏ கட்டிலே, சில பேருக்குக் கதவைச் சாத்தத் தெரியாது போலிருக்கு" என்று இங்கிருந்து போகும். "ஏ அலமாரி, சில பேருக்கு மூக்கு மட்டும்தான் வேலை செய்யுது, கை செய்யல" என்று அங்கிருந்து வரும். பட்டறைக்கு வந்துபோகிற சாமான்கள் எல்லாம் இவர்கள் ஜாடைப் பேச்சைக் கேட்டே பளபளப்பாகின.

இந்தப் பெட்டி கெட்டதும் அதனால்தான்.

திங்கட்கிழமை வீட்டுக்காரம்மா பெட்டியை வாசல் பலகையில் வைத்து, "ரெண்டு பேருல யார் செஞ்சாலும் சரி" என்று சொல்லிவிட்டுப் போக, முந்திக்கொண்டு எடுத்தது புகை. நல்ல பெயர் வாங்கும் ஆசை. ஆனால் தொழில் தெரிந்தவன். லாக்கர் அடிக்கும் முன்பு திரையைப் பார்த்துக்கொண்டு பெட்டியிடம் கேட்டான்.

"ஏ பெட்டி, உன்மேல யாராச்சும் பளபளப்பு ஸ்ப்ரே கிஸ்ப்ரே அடிச்சுத் துடைச்சிருக்காங்களா? இருந்தா இப்பவே சொல்லிடு."

நியாயமான கேள்வி. கடையில் விற்கும் பளபளப்பு டப்பாவில் சிலிக்கான் இருக்கும். அது ஒருமுறை மரத்தில் ஏறிவிட்டால் அதன்மேல் அடிக்கிற லாக்கர் ஒட்டாது. விலகி விலகி மீன்கண் மாதிரிக் குழி விழும்.

திரைக்கு இந்தப் பக்கம் பஞ்சுவுக்குப் பதில் தெரியும். நன்றாகவே தெரியும். பெயின்ட் கடையில் இலவசமாகக் கிடைத்த அந்த டப்பாவை, பட்டறையில் ஜன்னல் பக்கத்து இடம் தனக்கே வேண்டும் என்பதற்காக, வீட்டுக்காரம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவனே அவன்தான். "தினமும் ஒரு தடவை பெட்டிமேல அடிச்சுத் துடைங்கம்மா, முகம் பாக்கலாம்" என்று வழியும் சொன்னான். தன் தொழிலுக்கே விஷம் என்று தெரிந்து கொடுத்த டப்பா.

பஞ்சு பொட்டலத்தைப் பிழிந்துகொண்டு சும்மா இருந்தான். பெட்டியைத்தானே கேட்டான், பெட்டி சொல்லட்டும்.

பெட்டி சொல்லவில்லை. புகை அடித்துவிட்டான்.

புதன்கிழமை வீட்டுக்காரம்மா மாடி ஏறியதும் பஞ்சுவின் நெஞ்சுக்குள் ஒரு சின்ன மேளம் கேட்டது. அவன் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. வெள்ளிக்கிழமை வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் போதும். விரல் நீட்ட வேண்டிய நேரத்தில் விரல் நீட்டினால் மொத்தப் பட்டறையும் அவனுக்கு. தார்ப்பாயின் கிழிசல் வழியே அந்தப் பக்கத்தை ஒரு கண்ணால் அளந்தான். கம்ப்ரசர் இருக்கும் மூலையில் உலர்த்தும் அலமாரி போடலாம்.

புகை மதியம்வரை போராடினான். அடித்ததைச் சுரண்டினான், உப்புத்தாள் போட்டான், மறுபடி அடித்தான். மறுபடி குழி. சிலிக்கானை அடக்க ஒரே வழி அரக்கு. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மெல்லிசாகப் பூசி மூடினால் அது உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். அதற்கு மேலே பழைய மினுக்கு வேண்டுமானால் கைப் பாலிஷ்தான். அந்தக் கை திரைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

மூன்று மணிக்குத் திரை விலகியது. புகை வந்து பெட்டியைப் பஞ்சுவின் மேசையில் வைத்தான். வைத்த வேகத்தில் ஸ்பிரிட் பாட்டில் ஆடியது.

"ஏ பெட்டி, இங்க ஒருத்தர் கைவேலையில கில்லாடியாம். வேற யாரும் சொல்லல, அவரே சொல்லிக்கிறார். உன்னைச் சரிபண்ண என்ன வேணும்னு கேட்டுச் சொல்லு."

"பெட்டி, வந்தவர்கிட்ட கடை மூடியாச்சுன்னு சொல்லு."

"மூணு மணிக்கா?"

"அவருக்குக் காலையில ஆறு மணிக்கே மூடியாச்சு."

புகை பல்லைக் கடித்தான். "கம்ப்ரசரைப் பின்வாசல் பக்கம் நகர்த்திட்டா கடை திறக்குமான்னு கேளு."

"கடல் பக்கம் நகர்த்தினா யோசிக்கலாம்னு சொல்லு."

"ரெண்டு பொண்ணு படிக்குது எனக்கு. அதையும் கேளு பெட்டி, இவருக்குக் காதுல விழுதான்னு கேளு."

"ஏன் பெட்டி, அன்னைக்கு என் மேசை மேல புகை விட்டப்போ பொண்ணுங்க படிக்கலயா? லீவா?"

புகை பெட்டியைத் தூக்கவில்லை. மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான். போகும்போது வாசற்படியிடம், "மனுஷனா இவன்" என்று கேட்டான். வாசற்படியும் பதில் சொல்லவில்லை.

அன்று இரவு பஞ்சு சாப்பிட உட்கார்ந்தபோது தட்டு வந்தது, சாப்பாடு வரவில்லை. மனைவி கரண்டியைக் கையில் பிடித்தபடி எதிரே உட்கார்ந்தாள். அக்கா தங்கை இருவருக்கும் நடுவில் திரை எதுவும் கிடையாது. அங்கே அடுப்பில் வைத்தது இங்கே மணக்கும்.

"என் தங்கச்சி போன்ல அழுதா."

"அழட்டும். அவ புருஷன் செஞ்ச வேலைக்கு அவதான் அழணும்."

"அவர் செஞ்ச வேலை சரி. நீங்க செஞ்ச வேலை? அந்த டப்பாவை அந்தம்மாவுக்குத் தூக்கிட்டுப் போய்க் குடுத்தது யாரு?"

பஞ்சு தட்டைப் பார்த்தான். வெறும் தட்டில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை.

"என்கிட்டதானே பெருமையாச் சொன்னீங்க? 'ஜன்னல் பக்கம் நமக்குத்தான்'னு. அவர் பெட்டியைப் பாத்துக் கேட்டப்போ நீங்க ஊமையா இருந்தீங்கன்னா, உங்களுக்குத் தெரியாமலா இருந்துச்சு?"

"என்னைக் கேட்டானா? பெட்டியைத்தானே கேட்டான்!"

"பெட்டிக்கு வாய் இருக்கா?" அவள் கரண்டியால் தட்டின் விளிம்பைத் தட்டினாள். "இங்க பாருங்க. வெள்ளிக்கிழமை என் தங்கச்சி குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துச்சுன்னா, அடுத்த நிமிஷம் நான் அந்த மாடிப்படி ஏறுவேன். டப்பாவோட கதையை ஆதியோட அந்தமா சொல்லுவேன். அந்தம்மா சொன்ன வார்த்தை என்ன? கெடுத்தவன் வெளியே போகணும். அப்புறம் ரெண்டு பேரும் ஒரே வண்டியில சாமான் ஏத்துங்க. வாடகையாவது மிச்சம்."

"நீ என் பொண்டாட்டியா, அவன் வக்கீலா?"

"எனக்கு ரெண்டு வீடும் வேணும்." சொல்லிவிட்டுத்தான் சாப்பாடு போட்டாள், அதுவும் அளந்து.

வியாழக்கிழமை விடிந்ததும் பஞ்சு பட்டறையைத் திறந்து, திரையைப் பார்த்து இரைந்தான். "ஏ பெட்டி! சோம்பேறிகளை எழுப்பிக் கூட்டிட்டு வா. விளக்குப் பிடிக்க ஆள் வேணும்."

விளக்கு அந்த வேலையில் பாதி. பளபளப்பில் உள்ள குறை நேர் வெளிச்சத்தில் தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால்தான் மங்கலும் மேடும் கண்ணில் படும். பாலிஷ் போடுகிறவன் கையையும் பார்த்து விளக்கையும் சாய்க்க முடியாது. புகை வந்தான். கம்பியில் தொங்கிய விளக்கைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

முதலில் லாக்கரை எல்லாம் தின்னரால் ஊறவைத்து வழித்தார்கள். அதோடு அடியில் இருந்த பழைய பாலிஷும் வந்துவிட்டது. மரம் உரித்த கோழி மாதிரி நின்றது. துணியை மாற்றி மாற்றித் துடைத்தான் பஞ்சு. பிறகு அரக்கைத் தண்ணீர் போல் கரைத்து, மூச்சு விடுகிற கனத்தில் ஒரு பூச்சு. இருவரும் குனிந்து பார்த்தார்கள். குழி விழவில்லை. புகை மூச்சை விட்டான். அந்த மூச்சு தன் கழுத்தில் பட்டதற்காகப் பஞ்சு பெட்டியிடம் கோபித்துக்கொண்டான்.

அதன்பின் பொட்டலம். உள்ளே பஞ்சு, வெளியே பழைய வேட்டித் துணி, சுருக்கமே இல்லாத அடிப்பக்கம். அரக்கு ஊற, ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, வட்டம் வட்டமாக, பிறகு எட்டு எட்டாக, பிறகு நேர்கோடாக. பக்கத்திலிருந்து வழுக்கிக்கொண்டு நுழைந்து மறுபக்கம் வழுக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். நடுவில் கை நின்றால் போயிற்று. பொட்டலம் ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது அதுவரை போட்டதையும் பிய்த்துக்கொண்டு வரும்.

"பெட்டி, வலது ஓரம் மங்கலா இருக்குன்னு சொல்லு."

"பெட்டி, விளக்குப் பிடிக்கிறவர் விளக்கை மட்டும் பிடிக்கட்டும்."

"கண்ணு இருக்கே, என்ன பண்றது?"

"அன்னைக்கு என் மேசை மேல அடிச்சப்போ அந்தக் கண்ணு எங்க போச்சு?"

"ஏ பெட்டி, இவர் சாகும்போதுகூட அந்த மேசையைத்தான் சொல்லிட்டுச் சாவார்."

"அவரை அனுப்பி வெச்சிட்டுத்தான் போவேன்னு சொல்லு."

இப்படி வியாழன் போயிற்று. வழக்கமாக வாரக்கணக்கில் பூச்சுக்குப் பூச்சு காயவிட்டுச் செய்கிற வேலை. பஞ்சு அதைத் திட்டுகளுக்கு நடுவில் அடைத்துச் செய்தான். ஆத்திரம் இருந்தாலும் கை நடுங்கவில்லை. சொல்லப்போனால், ஆத்திரத்தில் கை இன்னும் சீராக ஓடியது. வெள்ளி மதியம் மூடியில் உத்தரக் கட்டைகள் தெரிந்தன.

அந்த மதியம்தான் புகை டீ குடிக்க வெளியே போனான். வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து கூடையைக் கயிற்றில் கீழே இறக்கிக் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தார். இவனைக் கண்டதும் மேலிருந்தே பிடித்துக்கொண்டார்.

"என்னப்பா, மின்னுதா? முன்னாடி எப்படி மின்னும் தெரியுமா? அந்தப் பஞ்சு ஒரு டப்பா குடுத்தான், அதை அடிச்சுத்தான் தினமும் துடைப்பேன். மனுஷன் நல்லவன். நீ இருக்கியே, ஒரு டப்பா குடுத்திருப்பியா?"

புகை டீ குடிக்கவில்லை. பிறகு திரும்பி வந்து, முகத்தில் எதையும் காட்டாமல், விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டான்.

அவன் காத்திருந்தான். சரக்கை எப்போது இறக்கினால் எதிராளி மறுக்க முடியாது என்று தெரிந்த ஆள்தான். இப்போது கேட்டால் பஞ்சு பொட்டலத்தை வைத்துவிட்டு எழுந்து போவான், பெட்டி அரைகுறையில் நிற்கும். கடைசி ஓட்டத்தில் கேட்க வேண்டும். எண்ணெயை எடுக்க வெறும் ஸ்பிரிட் தொட்ட பொட்டலம் ஓடுகிற கடைசி ஓட்டத்தில் கை நிற்கவே முடியாது. நிற்காத கையோடு மனுஷன் எங்கே எழுந்து போவான்?

ஸ்ப்ரே அடித்தே பழகியவனின் கணக்கு அது. அவன் கைக்கு மரத்தைத் தொடும் வழக்கமே இல்லை.

சாயங்காலம். தெருவிளக்கு எரியத் தொடங்கிய நேரம். பஞ்சு புதுப் பொட்டலம் கட்டினான். ஸ்பிரிட்டில் தொட்டு உள்ளங்கையில் தட்டிப் பார்த்தான். குனிந்தான். கை ஓடத் தொடங்கியது: நுழைந்து வெளியேறி, நுழைந்து வெளியேறி. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு மெல்லிய திரை உரிந்தது போல் மூடி தெளிந்துகொண்டே வந்தது.

புகை விளக்கைச் சாய்த்தான். பெட்டியைப் பார்க்கவில்லை. பஞ்சுவின் முகத்தைப் பார்த்தான்.

"சகல," என்றான். "அந்த டப்பாவைக் குடுத்தது நீதானே? நான் கேட்டப்போ உனக்குத் தெரியும்தானே?"

மூன்று வருஷத்தில் முதல்முறை. நாற்காலிக்கு இல்லை, பீரோவுக்கு இல்லை, தன் முகத்துக்கு. பஞ்சு நிமிர்ந்தான்.

கை நின்றது.

நின்றது அரை விநாடிகூட இருக்காது. அவன் கையை இழுத்தபோது 'சர்ர்' என்று ஒரு சத்தம், சிறிய துணி கிழிவது மாதிரி. மூடியின் நட்டநடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வடு, பொட்டலத்து நூலின் தடத்தோடு.

"பாவி," என்றான் பஞ்சு. யாரை என்று அவனுக்கே தெரியாது.

"நீதான் நிறுத்தினே!"

"நீதான் பேசினே! மூணு வருஷமா வாயை மூடிட்டு இருந்தவன், இப்பவா பேசணும்?"

"நீ அன்னைக்கே வாயைத் திறந்திருந்தா நான் ஏன் இப்பப் பேசப் போறேன்?"

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு படி, ஒரு பெருமூச்சு. ஒரு படி, ஒரு பெருமூச்சு.

பஞ்சு வடுவைப் பார்த்தான். இது அவன் கை. இதை யாரும் புகையின் தலையில் கட்ட முடியாது. ஸ்ப்ரே நூல் தடம் போடாது. கெடுத்தவன் எவனோ அவன் நடையைக் கட்டணும். சகலை விரலை நீட்டினால் போதும். புதன்கிழமை தான் நீட்ட நினைத்திருந்த அதே விரல். புகையின் பார்வை ஜன்னல் பக்கம் போய்விட்டு வந்ததைப் பஞ்சு பார்த்தான். அது எதை அளந்துவிட்டு வந்தது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அவனும் அளந்தவன்தான்.

வீட்டுக்காரம்மா உள்ளே வந்தார். "எங்க? காட்டு."

பஞ்சு மேசையை விட்டு ஓரடி விலகினான்.

புகை விளக்கை மெதுவாக உயர்த்தினான். சாய்வாக விழுந்த வெளிச்சம் நகர்ந்து நகர்ந்து, பெட்டிக்கு நேர் மேலே வந்து நின்றது. வடு காணாமல் போயிற்று. மூடி முழுவதும் ஒரே கருஞ்சிவப்புக் கண்ணாடி. அதில் வீட்டுக்காரம்மாவின் முகம், மூக்குக் கண்ணாடியோடு.

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். தலைமுடியைக் கோதிக்கொண்டார். கையை நீட்டினார்.

"தொடாதீங்கம்மா," என்றான் புகை. "ஈரம். தொட்டா ரேகை விழும். நாளைக்கு மதியம் நானே மேல கொண்டுவந்து தரேன்."

"ரெண்டு பேரும் சேர்ந்தா செஞ்சீங்க?"

இருவரும் பெட்டியையே பார்த்தார்கள்.

"சரி, இருந்து தொலைங்க. நாளைக்கு வரும்போது அந்த டப்பா ஒண்ணு கொண்டாங்க. மேல தீர்ந்துபோச்சு."

செருப்புச் சத்தம் மாடி ஏறி மறையும்வரை புகை விளக்கை அசைக்கவில்லை. அப்புறம்தான் தாழ்த்தினான். வடு மறுபடியும் கண்ணைத் திறந்தது.

"உனக்காகச் செய்யல," என்றான் புகை. "நீ போயிட்டா இதை யார் சரிபண்றது? என்னால முடியாது. அந்தம்மா அப்புறம் என் கழுத்தைப் பிடிக்கும். அதுக்காகத்தான்."

"தெரியும்."

"தெரியுதுல்ல? அப்போ கேட்டதுக்குப் பதில் சொல்லு. பெட்டிகிட்ட இல்ல. என்கிட்ட."

பஞ்சு புதுத் துணி கிழித்தான். பஞ்சை உருட்டினான், கட்டினான், அரக்கில் தோய்த்தான். வடுவின் மேல் ஒரு சொட்டு விட்டு, அது ஊறுவதைப் பார்த்துக்கொண்டு குனிந்து நின்றான்.

"ஏ பெட்டி," என்றான் கடைசியில். "விளக்கைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்க்கச் சொல்லு."

விளக்கு சாய்ந்தது.

ஆக, அன்றைய கணக்கு. புகை கெடுத்தது ஒரு மூடி. பஞ்சு கெடுத்தது கட்டைவிரல் அகலம். பஞ்சு ஒளித்தது ஒரு டப்பா. புகை ஒளித்தது ஒரு வடு. அதற்கு இது கழிந்தது. பட்டறை ஆளுக்குப் பாதி, தார்ப்பாய் இருந்த இடத்திலேயே. பஞ்சு தர வேண்டிய பாக்கி: ஒரு பதில். வசூலிக்க வேண்டியவன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.